எர்லிக்கின் வெள்ளாடுகள்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

அறிவியல் உலகில் அழியாப் புகழ் பெற்ற மேதைகளைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவது மாணவர் வழக்கம். நியூட்டன், மேரி கியூரி, சர் சி.வி. இராமன் எனப் பலரையும் நமக்கு முன் படித்தவர்கள் எழுதிவிட்டார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டவர் ஜெர்மானிய மேதை பால் எர்லிக். நான் படித்த பாடக்குறிப்பில் இவருக்கு இரண்டே வரிகள். மேகநோய்க்குச் சரியான மருந்தை முதலில் கண்டவர் என்பது ஒரு வரி. உடல் தன்னைத் தானே தாக்காது என்று தவறாகக் கருதியவர் என்பது மற்றொரு வரி. இந்த இரண்டாம் வரி அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று நான் கருதுகிறேன். அப்படிக் கருதுவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

என் தாயார் பூக்கட்டி விற்பவர். நான் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய விரல் கணுக்கள் வீங்கி, காலை வேளைகளில் விரலை மடக்கவே முடியாமல் போயிற்று. மருத்துவமனையில் பார்த்த டாக்டர், இது முடக்குவாதம் என்றும், நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே மூட்டுகளை எதிரியாக எண்ணித் தாக்குகிறது என்றும் சொல்லி, வாரம் ஒரு முறை விழுங்க மாத்திரை கொடுத்து அனுப்பினார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே, இது மெய்தானா என்று அம்மா என்னிடம் கேட்டார். தன் கையே தன் கண்ணைக் குத்துமா என்று நான் சிரித்தேன். அந்தச் சக்தி கிருமியை அழிக்கத்தான் இருக்கிறது, சொந்த உடம்பை அது தொடாது, டாக்டர் ஏதோ அவசரத்தில் சொல்லியிருப்பார் என்று பெரிய படிப்பாளி போல் விளக்கமும் கொடுத்தேன். என் பேச்சை நம்பி அம்மா இரண்டு மாதம் அந்த மாத்திரையைத் தொடவில்லை. அவருடைய வலக்கை விரல்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

இவ்வாண்டு தடுப்பாற்றல் பாடத்தில் எர்லிக்கின் பெயரைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். நான் சொன்ன பழமொழியை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அவர் இலத்தீனில் சொல்லியிருந்தார்! ஆனால் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது, அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றல்ல என்று தெரிந்துகொண்டேன்.

எர்லிக் 1854-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் சைலீசியாவிலுள்ள ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தையார் இஸ்மார் எர்லிக் சத்திரம் நடத்தியவர். மது வடிப்பதும் லாட்டரிச் சீட்டு வசூலிப்பதும் அவர் தொழில்கள். தாயார் ரோசா. பள்ளியில் எர்லிக் கணக்கிலும் இலத்தீனிலும் தேறியவர். தாய்மொழியான ஜெர்மன் பாடத்தில் கட்டுரை எழுதுவதோ வேப்பங்காய். வாழ்க்கை ஒரு கனவு என்ற தலைப்பில் தேர்வில் கட்டுரை கேட்டபோது, உயிர் என்பது ஆக்சிகரணம், கனவு என்பது மூளையின் ஆக்சிகரணம் என்று எழுதி ஆசிரியரின் கோபத்துக்கு ஆளானார் என்று ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ பொய்யோ, அவரைப் படித்த பிறகு அந்தக் கதையை நம்பவே தோன்றுகிறது.

அவருடைய தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட் நோய்க்குறியியல் அறிஞர். எர்லிக்குக்கு ஒன்பது வயது மூத்தவர். நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. துணிக்கு ஏற்றும் அந்தச் சாயங்களைக் கொண்டு உடல் திசுக்களுக்கு நிறமூட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் வித்தையை இளைஞர் எர்லிக்குக்குக் காட்டிக் கொடுத்தவர் வைகர்ட்தான். அன்று பிடித்த சாயப் பைத்தியம் எர்லிக்கை இறுதிவரை விடவில்லை. பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லீப்சிக் என்று ஊர் ஊராக மருத்துவம் படித்தபோதும் பாடத்தைவிடச் சாயக் குப்பிகளோடுதான் அவருக்குச் சிநேகம் அதிகம். விரல்களிலும் சட்டையிலும் எந்நேரமும் நீலமும் சிவப்புமாகக் கறை இருக்குமாம்.

அந்தச் சாயங்களில் அவர் கண்டதென்ன? எங்கள் ஊர்ப் பக்கம் சாயப்பட்டறைகள் உண்டு. பட்டில் நன்றாகப் பிடிக்கும் சில சாயங்கள் பருத்தி நூலில் நிற்பதில்லை என்பது அங்கே வேலை பார்க்கும் சிறுவனுக்கும் தெரியும். உடலுக்குள்ளும் அப்படித்தான் என்று எர்லிக் கண்டார். ஒரு சாயம் ஓர் அணுவைப் பற்றுகிறது. பக்கத்து அணுவைத் தொடாமல் விடுகிறது. ஆக, இரண்டுக்கும் இடையே ஏதோ வேதியியல் பொருத்தம் இருக்க வேண்டும். பூட்டுக்கு ஏற்ற சாவி போன்ற இந்தப் பொருத்தம்தான் அவருடைய ஆராய்ச்சிகள் அனைத்துக்கும் அடித்தளம். மாணவராக இருந்தபோதே மாஸ்ட் செல்களைக் கண்டார். 1878-இல் சாயமேற்றும் கலையைப் பற்றியே ஆய்வேடு எழுதி டாக்டர் பட்டம் பெற்று, பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் சேர்ந்தார். இரத்த வெள்ளணுக்களை நியூட்ரோபில், ஈசினோபில், பேசோபில் என்று நாம் ஆய்வகத்தில் பிரித்து எண்ணுகிறோமே, அந்தப் பிரிவினைக்கு வழி செய்தவர் அவர்தான். ஈசின் என்பது சிவப்புச் சாயம் ஒன்றின் பெயர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

1882 மார்ச் 24 அன்று இராபர்ட் காக் பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த செய்தியை வெளியிட்ட கூட்டத்தில் எர்லிக்கும் இருந்தார். உடனே ஆய்வகத்துக்குத் திரும்பி, அந்தக் கிருமிக்குச் சாயமேற்ற மேலும் நல்ல முறையை விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார். சளிப் பரிசோதனையில் இன்று கையாளும் முறை அதன் வழி வந்ததே. 1883-இல் ஹெட்விக் பின்குஸ் என்னும் பெண்மணியை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தனர்.

ஆதரித்து வந்த பேராசிரியர் பிரெரிக்ஸ் 1885-இல் இறந்ததும் மருத்துவமனையில் அவருடைய நிலை தாழ்ந்தது. 1888-இல் தன் சளியைத் தானே சோதித்தபோது, எந்தக் கிருமிக்குச் சாயமேற்றக் கற்றாரோ அந்தக் கிருமியை அதில் கண்டார். மனைவியோடு எகிப்து நாட்டுக்குச் சென்று, அவ்வூர் வெயிலில் தங்கி நோய் தணிந்து 1889-இல் திரும்பினார். திரும்பி வந்தவருக்கு வேலை இல்லை. சொந்தச் செலவில் ஒரு சிறிய ஆய்வகம் வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. 1891-இல் அவர் எடுத்துக்கொண்ட இரண்டு நஞ்சுகளில் ஒன்று நம் ஆமணக்கு விதையிலுள்ள ரிசின். மற்றது நம் தட்டார் பொன் நிறுக்கப் பயன்படுத்திய குன்றிமணியிலுள்ள அப்ரின்! எலிகளுக்கு முதலில் மிகச் சிறிய அளவில் ரிசினைத் தீனியோடு கொடுத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டினார். சில வாரங்களில் அந்த எலிகள், சாதாரண எலியைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்குக்கும் மேலான நஞ்சைத் தாங்கின. ஆனால் ரிசினுக்குப் பழகிய எலி குன்றிமணி நஞ்சுக்கு உடனே மடிந்தது. குன்றிமணிக்குப் பழகியது ஆமணக்குக்கு மடிந்தது. பூட்டும் சாவியும் இங்கேயும் பேசுகின்றன அல்லவா? பின்னர் இன்னொரு நுட்பமான சோதனை செய்தார். நஞ்சுக்குப் பழகிய தாய் எலியின் குட்டிகளைச் சாதாரண எலியிடமும், சாதாரண எலியின் குட்டிகளைப் பழகிய தாயிடமும் மாற்றிப் பால்குடிக்க விட்டார். பாலின் வழியாகவே எதிர்ப்பாற்றல் குட்டிக்குச் செல்கிறது என்று நிறுவினார். தாய்ப்பாலின் பெருமையை நம் பாட்டிமார் சொல்வதோடு இந்த எலிகளும் சேர்ந்து சொல்கின்றன.

அதன் பின் காக் அவரைத் தம் புதிய தொற்றுநோய் நிலையத்தில் சேர்த்துக்கொண்டார். அங்கே எமில் பேரிங் கண்டுபிடித்த தொண்டை அடைப்பான் சீரம் ஒரு நேரம் பலித்தது. ஒரு நேரம் பலிக்கவில்லை. அதன் வீரியத்தை அளக்க நம்பகமான முறை இல்லாததே காரணம். அந்தக் குறையைத் தீர்த்தவர் எர்லிக். சீரத்தை உலர்த்தி, காற்றை நீக்கிய குப்பியில் அடைத்துக் குளிரில் இருட்டில் வைத்து, அதையே படிக்கல்லாகக் கொண்டு மற்ற சீரங்களை நிறுக்கும் முறையை 1897-இல் வெளியிட்டார். எத்தனையோ குழந்தைகள் அந்த அளவுகோலால் பிழைத்தன. 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பேரிங்குக்குப் போயிற்று. சீரம் விற்ற பணத்திலும் எர்லிக்குக்கு உரிய பங்கு வரவில்லை. இருவருக்கும் இடையே விழுந்த கசப்பு முழுவதும் தீரவே இல்லை. எர்லிக்குக்கு 1896-இல் ஸ்டெக்லிட்ஸ் என்ற இடத்தில் ஒரு சிறு சீரம் நிலையம் கிடைத்தது. 1899-இல் அது பிராங்க்பர்ட் நகருக்குப் பெரிய நிலையமாக மாறிச் சென்றது. அங்கேதான் வெள்ளாடுகள் வருகின்றன.

அதற்குச் சற்று முன், 1898-இல் ஜூல் போர்டே என்ற பெல்ஜிய நாட்டவர் ஒரு செய்தி வெளியிட்டிருந்தார். முயலின் சிவப்பணுக்களைக் கினிப்பன்றிக்கு ஊசி போட்டால், கினிப்பன்றியின் சீரம் முயலின் சிவப்பணுக்களை உடைக்கும் ஆற்றலைப் பெறுகிறது என்பதே அது. எர்லிக்கும் அவருடைய துணைவர் ஜூலியஸ் மார்கன்ராத்தும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். வேறோர் இனத்து இரத்தத்தை உடைக்கலாம். தன் இனத்து இரத்தத்தை உடைக்குமா? தன் இரத்தத்தையே உடைக்குமா?

வெள்ளாட்டின் இரத்தத்தை வேறு வெள்ளாடுகளுக்குச் செலுத்தினார்கள். சில நாட்களுக்குப் பின் ஊசி ஏற்ற ஆட்டின் சீரத்தை எடுத்து, சோதனைக் குழாய்களில் பல ஆடுகளின் சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தார்கள். ஓர் ஆட்டின் அணுக்கள் உடைந்து குழாய் சிவந்தது. இன்னோர் ஆட்டின் அணுக்களும் உடைந்தன. வேறொன்றின் அணுக்கள் உடையவில்லை. ஆனால் எத்தனை ஆடுகளை மாற்றிப் பார்த்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. சீரம் கொடுத்த ஆட்டின் சொந்த அணுக்களை அந்தச் சீரம் ஒருபோதும் உடைக்கவில்லை.

வேறு யாரேனும் என்றால், நல்லது, இயற்கை அப்படி அமைந்திருக்கிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். எர்லிக் அங்கேயே நின்று யோசித்தார். எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறமை அந்த ஆட்டுக்கு இருக்கிறது. பக்கத்து ஆட்டின் அணுவுக்கும் தன் அணுவுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. நமக்கு அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டிக்கொள்கிறது. பிறகு அந்த இரத்தத்தை உடலே உறிஞ்சிக்கொள்கிறது. அப்போதெல்லாம் உடல் தன் சொந்த இரத்தத்துக்கே எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கினால் ஓர் இரத்தக் கட்டே ஆளைக் கொன்றுவிடும். அது நடப்பதில்லை. ஆகவே தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்வதை உடல் அஞ்சி ஒதுக்குகிறது என்று சொல்லி, அதற்கு ஹாரர் ஆட்டோடாக்சிகஸ் என்று பெயரிட்டார்.

பலரும் படித்தது இந்தப் பெயர் வரைக்கும்தான். அவர் மேலே சென்றார். இந்த அச்சம் தானாக வருவதன்று. உடலுக்குள் இதை ஒழுங்குபடுத்தும் ஏதோ ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்றார். தனக்கெதிரான பொருள் உண்டாகாமலே இருக்கலாம், அல்லது உண்டானாலும் செயல்படாதபடி ஏதோ ஒன்று அதைத் தடுத்து நிறுத்தலாம் என்றார். அந்த உள் ஒழுங்கு தவறுவதால் வரும் நோய்களும் இருக்கக்கூடும், வருங்காலத்தில் அதையும் ஆராய வேண்டும் என்றும் சேர்த்தே எழுதினார். கை கண்ணைக் குத்தவே குத்தாது என்று அவர் சொல்லவில்லை. கையைக் குத்தவிடாமல் பிடித்திருப்பது எது என்று கேட்டார். எனக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

1908-இல் நோபல் பரிசு எர்லிக்குக்கும் ரஷ்ய நாட்டு மெச்னிகாப்புக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கிருமியை அணுக்கள் விழுங்குகின்றன என்றவர் மெச்னிகாப். இரத்தநீரிலுள்ள எதிர்ப்பொருளே முதன்மை என்றவர் எர்லிக். இருவர் கட்சியும் இருபது ஆண்டுகளாக வாதிட்டு வந்தன. பரிசுக் குழுவினர் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது எவ்வளவு சரி என்பது பின்னாளில் தெரிந்தது.

அவருடைய 606-ஆம் எண் மருந்தைப் பற்றி எல்லோரும் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளியை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் பற்றும் சாயம் போன்ற மருந்து வேண்டும் என்பது அவர் கனவு. பிரான்சிஸ்கா ஸ்பேயர் என்னும் அம்மையார் மறைந்த தம் கணவர் நினைவாக அளித்த பெருங்கொடையால் 1906-இல் அதற்கென்றே ஓர் ஆய்வு இல்லம் எழுந்தது. ஆர்சனிக் கலந்த சேர்மங்களை ஒவ்வொன்றாகச் செய்து சோதித்தார்கள். முன்பே செய்து பயனற்றது என ஒதுக்கப்பட்டிருந்த 606-ஆம் சேர்மத்தை 1909-இல் மீண்டும் பொறுமையாகச் சோதித்தவர் ஜப்பானிலிருந்து வந்திருந்த சஹாசிரோ ஹாட்டா. மேகநோய் கண்ட முயல்கள் குணமாயின. 1910-இல் சால்வர்சான் என்ற பெயரில் மருந்து வெளிவந்தது. விற்பனைக்கு வருமுன் சுமார் 65,000 பேருக்கான மருந்தை மருத்துவர்களுக்கு இலவசமாக அனுப்பிவைத்தார்கள்.

புகழோடு வசையும் வந்தது. காற்றுப் பட்டால் கெடும் அந்தப் பொடியைக் கரைத்து ஊசி போடுவது எளிதன்று. தவறாகப் போட்டவர்களால் சிலருக்குத் தீங்கு நேர்ந்தது. எர்லிக் பணத்தாசை பிடித்தவர் என்றும், ஏழைகளை வைத்துச் சோதனை செய்கிறார் என்றும் பத்திரிகையில் எழுதினார்கள். 1914-இல் பிராங்க்பர்ட்டில் நடந்த வழக்கில் அவதூறு எழுதியவர் சிறைத் தண்டனை பெற்றார். ஆனாலும் அந்த மனவேதனை எர்லிக்கின் உடலை அரித்துவிட்டது என்பார்கள். சுருட்டும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு இருபத்தைந்து சுருட்டு பிடித்தவர் அவர்! சுருட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அன்றன்று செய்ய வேண்டிய வேலையை வண்ண அட்டைகளில் எழுதி உதவியாளர்களுக்குக் கொடுத்துக்கொண்டே நடப்பாராம். எழுதத் தாள் கிடைக்காவிட்டால் மேசை விரிப்பிலும் தரையிலும் படம் வரைந்து வேதியியல் விளக்குவாராம்.

அவர் குறையற்றவர் என்று சொல்ல மாட்டேன். முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியப் படைகளின் செயலை நியாயப்படுத்தி 93 அறிஞர்கள் 1914-இல் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். பெரியவர்களின் வாழ்க்கையில் இப்படியும் ஒரு பக்கம் இருக்கிறது. 1915 ஆகஸ்டு 20-ஆம் நாள் பாட் ஹோம்பர்க் என்ற ஊரில் தம் 61-ஆம் வயதில் அவர் காலமானார். இருபது ஆண்டுகள் கழித்து வந்த நாஜிகள், அவர் யூதர் என்ற ஒரே காரணத்தால், அவர் பெயர் தாங்கிய தெருப்பலகையைப் பெயர்த்தெறிந்தார்கள். அவருடைய மனைவி நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. அதே நாடு 1990-களில் தன் 200 மார்க் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது.

இனி வெள்ளாடுகளின் கதைக்கு வருவோம். எர்லிக்கின் பெயர் வளர வளர அவர் சொன்னதில் பாதி தேய்ந்துவிட்டது. ஹாரர் ஆட்டோடாக்சிகஸ் என்ற சொல் நின்றது. ஒழுங்கு தவறினால் நோய் வரும் என்ற பின்பகுதி மறைந்தது. 1904-இலேயே வியன்னாவில் டோனத்தும் லேண்ட்ஸ்டைனரும் குளிர் பட்டால் தன் இரத்தத்தையே உடைத்துக்கொள்ளும் நோயாளிகளை ஆராய்ந்து, அவர்கள் சீரத்தில் தன்னெதிர்ப்பொருளைக் காட்டினார்கள். அதை ஏதோ விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். உடல் தன்னைத் தாக்குவதே நடவாத காரியம் என்பது பாடமாகிவிட்டது. நோயாளிகளுக்கோ மூட்டு வீங்கிற்று, கழுத்துச் சுரப்பி சுருங்கிற்று. காரணத்தை வெளியிலேயே தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பூட்டைத் திறந்தவர்கள் எர்லிக்கின் சொந்த மரபில் வந்தவர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எர்லிக்கிடம் பணியாற்றியவர் ஹான்ஸ் சாக்ஸ். சாக்ஸிடம் பயின்றவர் எர்ன்ஸ்ட் விடெப்ஸ்கி. நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்காவின் பபலோ நகரில் குடியேறிய விடெப்ஸ்கி, தம் ஆசிரியரின் ஆசிரியர் சொன்னதை வேதவாக்காகக் கொண்டவர். அவரிடம் சேர்ந்த நோயல் ரோஸ் என்ற இளைஞர், முயலின் தைராய்டு சுரப்பியில் ஒரு பகுதியை எடுத்து, அதன் சாற்றை அதே முயலுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். எதிர்ப்பொருள் உண்டாயிற்று, மீதியிருந்த சுரப்பியும் தாக்குண்டு கெட்டது. விடெப்ஸ்கி நம்பவில்லை. மீண்டும் மீண்டும் செய்யச் சொன்னார். கடைசியில் 1956-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் இலண்டனில் ராய்ட், டோனியாக் முதலியோர் ஹாஷிமோட்டோ தைராய்டு நோயாளிகளின் இரத்தத்தில் அத்தகைய எதிர்ப்பொருளைக் கண்டார்கள். வேலியே பயிரை மேயும் என்பது அப்போதுதான் மருத்துவ உலகில் ஒப்புக்கொள்ளப்பட்டது. என் தாயாரின் நோயும் அந்த வகுப்பைச் சேர்ந்ததே.

ஆனால் எர்லிக்கின் கேள்வி அப்படியே இருந்தது. வேலி எல்லோருடைய பயிரையும் ஏன் மேய்வதில்லை? நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் டி செல்கள் வளரும்போது, சொந்த உடலைத் தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன என்று தெரிந்தது. அது களையெடுப்பு. எந்தக் களையெடுப்பிலும் சில களைகள் தப்பிவிடும். தப்பியவற்றை யார் அடக்குவது?

1969-இல் ஜப்பானில் நிஷிசுகாவும் சகாகுராவும் பிறந்து மூன்று நாளான பெண் எலிக் குட்டிகளின் தைமஸை அகற்றினார்கள். தடுப்பாற்றல் குறைந்து போகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நேர்மாறாக, அவற்றின் சூலகங்கள் அழிந்தன. அது சொந்த உடலின் தாக்குதல் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு பல்லாண்டுகள் உழைத்தவர் ஷிமோன் சகாகுச்சி. அடக்கும் டி செல் என்ற பேச்சையே விஞ்ஞானிகள் நம்ப மறுத்த 1980-களிலும் அவர் விடவில்லை. 1995-இல் சி.டி.25 என்ற ஏற்பியை மேற்பரப்பில் தாங்கிய ஒரு சிறு கூட்டத்தைத் தனியே காட்டினார். சி.டி.4 வகை டி செல்களில் அவை பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு மற்ற டி செல்களை மட்டும், டி செல் இல்லாத எலிக்குச் செலுத்தினால் தைராய்டு, இரைப்பை என்று பல உறுப்புகள் தாக்குண்டன. அவற்றையும் சேர்த்துச் செலுத்தினால் எலி நலமாக இருந்தது. வேலிக்கு ஒரு வேலி அகப்பட்டுவிட்டது. ஏற்பி என்ற கருத்தே எர்லிக் தந்தது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

இன்னொரு திசையிலிருந்தும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1940-களில் தோன்றிய ஓர் எலி வகையில், ஆண் குட்டிகள் தோல் செதில் செதிலாகி, மண்ணீரல் வீங்கிச் சில வாரங்களிலேயே இறந்தன. அதன் காரணமான மரபணுவை மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெல்லும் தேடிப் பிடித்து 2001-இல் வெளியிட்டு, ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டார்கள். அதே மரபணு பழுதுபட்ட ஆண் குழந்தைகளுக்குப் பச்சிளம் பருவத்திலேயே நீரிழிவும் கடும் வயிற்றுப்போக்கும் தோல் நோயும் வருகின்றன. அந்த மரபணுதான் டி செல்லைக் காவலாளியாக மாற்றுகிறது என்று 2003-இல் உறுதியாயிற்று. பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் காவலாளிச் செல்கள் அடக்கும் விதமும் சுவையானது. தாக்கும் டி செல்கள் பெருக இன்டர்லூக்கின்-2 என்ற பொருள் தேவை. காவலாளி தன் சி.டி.25 ஏற்பியால் அதை முந்திக்கொண்டு பற்றிக் குடித்துவிடுகிறது. பந்தியில் முதலில் உட்கார்ந்து பானையைக் காலி செய்பவரைப் போல. எதிரியைக் காட்டிக் கொடுக்கும் செல்களின் மேலிருந்து, தூண்டிவிடும் மூலக்கூறுகளையும் சி.டி.எல்.ஏ.-4 என்ற கருவியால் உரித்தெடுத்துவிடுகிறது. அமைதிப்படுத்தும் சுரப்புகளையும் விடுகிறது. இந்தக் காவல் மிகுந்தாலும் தொல்லையே. புற்றுக்கட்டிகள் இக்காவலாளிகளைத் தம்மைச் சுற்றி நிறுத்திக்கொண்டு ஒளிந்துகொள்கின்றன. ஆகவே ஒரு நோய்க்குக் காவலைக் கூட்டவும் மற்றொன்றுக்குக் குறைக்கவும் இன்று முயன்று வருகிறார்கள்.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தாயாரிடம் சொன்னேன். முதலில் நான் சொன்னது பிழை என்பதையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அந்த ஆடுகள் என்ன ஆயின என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது அவர் விழுங்குவது மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை. அது காவலாளியைத் தனியே தேடிப் போகும் மருந்தன்று; தாக்கும் படையைப் பொதுவாகத் தணித்து வைக்கும் மருந்து. வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் சாப்பிட்டால் ஆபத்து. அதனால் காலண்டரில் திங்கட்கிழமைகளை நான் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். காலையில் விரல் மடங்க முன்பு ஒன்றரை மணி நேரம் ஆகும். இப்போது அரை மணி ஆகிறது. சாய்ந்த விரல்கள் நேராகவில்லை. அவற்றுக்கு ஏற்றபடி நாரைப் பிடிக்கும் விதத்தை அவரே மாற்றிக்கொண்டார். முன்பு பத்து முழம் கட்டிய நேரத்தில் இப்போது ஆறு முழம் கட்டுகிறார்.